எலுமிச்சை மரத்தின் ஏகாதசி

"நாளையிலேர்ந்து எலுமிச்சை மரத்துக்குத் தண்ணி விடறது என் பொறுப்பு."

வைகாசி மாதத்தில் ஒரு காலை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று இப்படி அறிவித்தேன். பெரிய அறிவிப்புகளை உட்கார்ந்துகொண்டு செய்யக் கூடாது. மதிப்பு இருக்காது.

என் மனைவி குமுதவல்லி கொத்தவரங்காய் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கள் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவ வீடுகளில் காயை யாரும் நறுக்குவதில்லை, திருத்துவோம். குமுதவல்லி காலையில் காயைத் திருத்துவாள். மீதி நேரமெல்லாம் என்னைத் திருத்துவாள்.

"ஏன்னா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏன் கேக்கற?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து குடிச்ச டம்ளரைக் கூட நீங்க அலம்பினதில்லை. மரத்துக்குத் தண்ணி விடறேங்கறேளே?"

"மரம்னா எனக்கு உசிர், குமுதா."

"எப்போலேர்ந்து?"

"நாளையிலேர்ந்து."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி. புண்ணாக்குத் தண்ணியும் நீங்கதான் விடணும்."

"விடறேன்."

"நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

"பாக்கவே வேண்டாம்."

"அப்புறம் பேச்சு மாறப்படாது."

"தேசிகன் பேச்சு மாற மாட்டான்."

தேசிகன் என்பது நான்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டில் கொண்டுவந்த எந்தத் தீர்மானமும் சொன்னவுடனே நிறைவேறியதில்லை. திருத்தங்கள் இருக்கும். ஒத்திவைப்பு இருக்கும். பெரும்பாலும் குப்பைக்கூடைதான். அன்றைக்கு மட்டும் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

மரத்தின்மேல் எனக்கு உயிர் வந்த கதையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கைலாசபுரத்தில் ரகுராம் என்று எனக்கு ஒரு நண்பன். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புனேயில் இருக்கும் பெண் ஸ்ம்ருதியோடு போய் இருக்கப் போகிறான். அவனிடம் ஒரு நீல நிறக் கார் இருக்கிறது. குழந்தைக்குத் தலை துவட்டுவது போல அதைத் துடைத்துத் துடைத்து வளர்த்தவன். "முன்பின் தெரியாதவா கைக்கு இது போகப்படாதுடா. நீயே எடுத்துக்கோ. நிறுத்த இடம் இருக்கோன்னோ?" என்று கேட்டான்.

இடம் இருந்தது. மேலூர் சாலையில் எங்கள் வீட்டு கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே, பிரம்மாவே ஒரு காரை மனதில் வைத்துக்கொண்டு அளந்து விட்டது போல இடம் இருந்தது. அந்த இடத்தின் நட்டநடுவில் எலுமிச்சை மரமும் இருந்தது.

அந்த மரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரும்பச்சை இலை. ஒவ்வொரு இலையும் அப்பளம் அகலம். இலைக்கு ஒரு முள். என் வேஷ்டிகளில் பாதி அந்த முள்ளில் உயிரை விட்டவை. எல்லாம் உண்டு. காய் மட்டும் கிடையாது. நட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ஒரு மொட்டுக் கூட வைத்ததில்லை. ஆடிப் பதினெட்டன்று காவிரிக்கு எடுத்துப்போகும் சித்ரான்னங்களில் எலுமிச்சம்பழ சாதம் கட்டாயம். வருஷா வருஷம் நான் பையை எடுத்துக்கொண்டு, வீட்டு எலுமிச்சை மரத்தைத் தாண்டிப் போய், கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வருவேன். மரம் முள்ளால் என் வேஷ்டியைப் பிடித்து இழுக்கும். 'எனக்கும் ரெண்டு வாங்கிண்டு வா' என்று சொல்வது போல இருக்கும்.

மரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதை வளர்த்த கை அப்படி. காலையில் அரிசி களைந்த தண்ணீர். மத்தியானம் மீந்த மோர். சாயங்காலம் குழாய்த் தண்ணீர். வாரம் தவறாமல் ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு. 'போறும்' என்ற சொல்லைக் குமுதவல்லியின் காது வாங்காது. நானும் அந்த மரமும் ஒரே கையால் வளர்ந்தவர்கள். நான் தொப்பை போட்டேன். அது இலை போட்டது. பலன் எங்கே என்று கேட்டால், இருவரிடமும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ரகுராம் கேட்ட அன்று சாயங்காலமே நான் பேச்சை எடுத்தேன்.

"குமுதா, இந்த மரத்தை எடுத்துட்டா வாசல் எவ்வளவு விசாலமா இருக்கும், யோசிச்சுப் பாரு."

"நான் வெச்ச மரம்."

"மலட்டு மரம்."

"வாய அலம்புங்கோ. அது காதுல விழும்."

"விழட்டுமே. வெக்கம் வந்தாவது காய்க்கறதா பாப்போம்."

அவள் மரத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி. ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரு பூவாவது பூக்கலைன்னா வெட்டிக்கோங்கோ. பூத்துடுத்துன்னா மரத்தைப் பத்தி நீங்க வாயே தெறக்கப்படாது."

"சம்மதம்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "எல்லாம் தண்ணி விடறவா கையிலதான் இருக்கு. ஒரு மாசம் விடலைன்னா, பூ என்ன, இலையே நிக்காது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

பாவம், கபடம் தெரியாதவள். தன் வாயாலேயே எனக்கு வழி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில்தான் நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

திட்டம் இதுதான்: தண்ணீர் விடுகிற பொறுப்பை வாங்கிக்கொள்வது, தண்ணீர் விடாமல் இருப்பது. பட்டினி கிடக்கிற மரம் பூவைப் பற்றி நினைக்குமா? நினைக்காது. பூ இல்லை, மரம் இல்லை, கார் உண்டு.

தண்ணீர் விடாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறீர்களா? அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. உள்ளே இருப்பவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். எனவே குழாயைத் திறந்தாக வேண்டும். திறந்த தண்ணீரை எங்கேயாவது விட்டாக வேண்டும். ஒரு நாள் தெருவுக்கு விட்டேன். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்த எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த நாளிலிருந்து ஹோஸைப் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே திருப்பிவிட்டேன். அங்கே ஒரு முருங்கை மரம் நின்றது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. நனைந்த தலை. பக்கத்து வீட்டு ஹபீபுல்லா.

"சாமி, காலையில குளிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

"அடடா, மன்னிக்கணும் பாய். உங்க முருங்கைக்குத்தான் விட்டேன்."

"எங்க முருங்கைக்கு நீங்க ஏங்க விடுறீங்க? உங்க எலுமிச்சையடி அங்க காஞ்சு கெடக்குது!"

"மெதுவாப் பேசுங்கோ பாய்."

"என்னங்க, மாமி மேல ஏதாச்சும் கோவமா?"

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. சுவரோரமாகப் போய், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் உங்காத்துல சொல்லிடப்படாது."

"நான் எங்க வீட்டு மஹ்ஜபீன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்க. ஆனா ஒண்ணு சாமி. நான் சொல்லாததெல்லாம்தான் அவங்களுக்கு முதல்ல தெரியும்."

தண்ணீராவது சுவர் ஏறிப் போனது. புண்ணாக்குத் தண்ணீரை என்ன செய்வது? மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்கின் மணத்தை நான் எழுத்தில் விவரிக்க முடியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நடந்தேன். மரத்தைத் தாண்டினேன். கேட்டைத் தாண்டினேன். தெருவோரப் பள்ளத்தில் கவிழ்த்தேன்.

மறுநாள் காலை ஒரு பசு அங்கே நின்றது. அதற்கு மறுநாள் கன்றையும் அழைத்துக்கொண்டு வந்தது. அதற்கும் மறுநாள் உறவுக்காரர்களோடு வந்தது. கேட்டின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, என் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

"மகாலக்ஷ்மி தானா வாசல் தேடி வரா" என்று குமுதவல்லி அதற்கு வாழைப்பழம் கொடுத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "ஏன்னா, தெருவுல புண்ணாக்கு வாசனை வர்றதே?"

"காத்துல போயிருக்கும்."

"காத்து தெருவுலேர்ந்து உள்ளேன்னா அடிக்கறது?"

"சுத்திண்டு போயிருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின. இருமல் என்று நினைத்தேன்.

ஆனி பிறந்தது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மரம் தளர்ந்தது. கரும்பச்சை போய் வெளிர்ப்பச்சை வந்தது. அகல அகலமாக இருந்த இலைகள் சுருட்டிய வெற்றிலை போலச் சுருண்டன. ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. நான் ரகுராமுக்கு போன் செய்தேன்.

"சித்த பொறுத்துக்கோ. இடம் காலியாயிண்டிருக்கு."

"இடம் எப்படிடா மெதுவாக் காலியாகும்?"

"இலை இலையாக் காலியாயிண்டிருக்கு."

குமுதவல்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மரத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்தால்கூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏகாதசி வந்தது.

எங்கள் வீட்டு ஏகாதசி உபவாசத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரிசிதான் உபவாசம் இருக்கும், நான் இல்லை. காலையில் ரவா உப்புமா. மத்தியானம் கோதுமை தோசை. சாயங்காலம் பாலும் பழமும், அவற்றுக்குத் துணையாக ஒரு கிண்ணம் கேசரி. மற்ற நாட்களை விட ஏகாதசியன்று எனக்கு இரண்டு ஏப்பம் அதிகமாகவே வரும்.

தசமியன்று சாயங்காலம் குமுதவல்லி சொன்னாள்: "இந்த ஏகாதசி சுத்த உபவாசம். பலகாரம் கிடையாது. ஒரு வாய் தீர்த்தம் கூடக் கிடையாது."

"எதுக்கு?"

"நீங்க மனசுல நினைச்சிண்டிருக்கறது நடக்கணும்னு பெருமாள்கிட்ட வேண்டிண்டுட்டேன்."

நான் மனதில் நினைத்துக்கொண்டிருந்தது நீல நிறமாக, நாலு சக்கரத்தோடு இருந்தது. அது நடக்கட்டும் என்று அவளே வேண்டிக்கொள்கிறாள். எந்த முகத்தோடு மறுப்பது?

காலை ஒன்பது மணி வரை பக்தியாக இருந்தேன். பத்துக்குப் பசித்தது. பதினொன்றுக்குப் பசி போய்த் தாகம் வந்தது. பன்னிரண்டுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சமையலறைப் பக்கம் போனால் குடம் என்னைப் பார்த்தது. குடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு குமுதவல்லியும் பார்த்தாள்.

"உள்ளே புழுங்கறது. வாசல்ல நாற்காலியப் போட்டுண்டு உக்காருங்கோ. காத்து வரும்."

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று வரவில்லை. எதிரே எலுமிச்சை மரம் நின்றது. அதன் உதடுகளும் காய்ந்திருந்தன. மரத்துக்கு உதடு ஏது என்று கேட்காதீர்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆனி வெயிலில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

ஒரு இலை உதிர்ந்து என் மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். தொட்டதும் நொறுங்கியது.

எனக்கு ஒரு வேளை. இதற்கு ஒரு மாதம்.

எனக்காவது நாளைக் காலையில் சாப்பாடு உண்டு என்று தெரியும். இதற்கு யார் சொன்னார்கள்? எழுந்து, கேட்டைத் திறந்து போய்க் காவிரியில் குடித்துவிட்டு வரவும் அதனால் முடியாது. வாளியை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் ஒருவன் பக்கத்திலே வருகிறான். இதோ விடப்போகிறான் என்று நினைத்திருக்கும். அவன் அதைத் தாண்டிப் போய்ப் பசுமாட்டுக்கு ஊற்றுகிறான்.

கண்ணில் ஏதோ குறுகுறுத்தது. உடம்பில் தண்ணீரே இல்லாதபோது அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"குமுதா!" என்று கூப்பிட்டேன். குரல் தகரத்தில் உரசியது போல வந்தது. "மரத்துக்கெல்லாம் ஏகாதசி உண்டோ?"

உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஏகாதசி உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. துவாதசி பாரணை எல்லாருக்கும் உண்டு."

மறுநாள் துவாதசி. உபவாசத்தை முடித்து, விடிந்ததும் வயிறாரச் சாப்பிடுகிற பாரணை நாள். குளித்தேன். திருமண் இட்டுக்கொண்டேன். பெருமாளைச் சேவித்தேன். தீர்த்தம் கையில் வாங்கி ஒரு வாய் குடித்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் காத்திருக்க, நேரே வாசலுக்குப் போனேன்.

வாளி வாளியாக விட்டேன். வேரைச் சுற்றி விட்டேன். கிளையின் நிழல் விழுகிற வட்டம் முழுவதும் விட்டேன். மண் 'ஸ்ஸ்' என்று குடித்தது. நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் குடித்தேன். வாசற்படி ஓரத்தில் யாரோ வைத்தது போல ஊறிய புண்ணாக்குத் தண்ணீர் தயாராக இருந்தது. எப்போது ஊறவைத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதையும் விட்டேன். பசு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, என்னைப் பற்றி வைத்திருந்த நல்ல எண்ணத்தை மாற்றிக்கொண்டு திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகவே தண்ணீர் விட்டேன். சுவருக்கு மேலே எழுந்த தலையிடம் கூடச் சொன்னேன்: "பாய், உங்க முருங்கையை இனிமே நீங்களே பாத்துக்கோங்கோ."

"அப்ப கார் என்னாச்சுங்க?"

"உசிரோட இருக்கட்டும்னுதான் விடறேன் பாய். இருக்கறதுக்கே பாடு. இத்தனை சீக்கிரத்துல பூக்கவா போறது?"

தலை சுவருக்குக் கீழே போனது. கீழே போன பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆடி பிறந்தது. காவிரியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு காலையில் நான் குழாயோடு மரத்தடிக்குப் போனேன். ஒரு மணம். புண்ணாக்கு மணம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கிளைதோறும் புதுத் துளிர். துளிர்தோறும் வெள்ளை வெள்ளையாக மொட்டு. அரிசிப் பொரியை வாரி இறைத்தது போலப் பூ. தேனீக்கள் எங்கள் விலாசத்தை எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்துவிட்டிருந்தன. நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் பாதம் நனைந்தது. கார் போனது நினைவுக்கு வர வெகுநேரம் ஆயிற்று. வந்த பிறகும் அவ்வளவாக வலிக்கவில்லை.

ஆடிப் பதினெட்டன்று குமுதவல்லி சித்ரான்னம் கலந்துகொண்டிருந்தாள். கடையில் வாங்கிய பழம்தான். நான் அடுப்பங்கரை வாசலில், எழுந்து நின்றபடி சொன்னேன்.

"பாத்தியா, குமுதா? என் கைராசி! நீ இத்தனை வருஷமா உபசாரம் பண்ணினே. நான் ரெண்டு மாசம் தண்ணி விட்டேன். பூத்துடுத்து."

"நீங்க விட்ட தண்ணி முருங்கைக்கும் தெருவுக்கும்னா போச்சு?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்தாத்து மஹ்ஜபீன்தான் சித்திரையிலேயே சொன்னாளே. 'மாமி, நீங்க மரத்த ரொம்பக் கொஞ்சுறீங்க. ஒரு மாசம் வாடப் போடுங்க. அப்புறம் ஒரே நாள்ல வயிறு நெறையத் தண்ணி விடுங்க. தானாப் பூக்கும்'னா. எனக்கு மனசு வரலை. வாடற மரத்தைப் பாத்துண்டு கையக் கட்டிண்டு நிக்க என்னால ஆகுமா? அதுக்குன்னு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீங்க ஆத்துலேயே இருந்தேள்."

"பொறுப்பை நானா வந்துன்னா எடுத்துண்டேன்?"

"ஆமாம். 'தண்ணி விடலைன்னா இலையே நிக்காது'ன்னு நானாத்தானே சொல்லிட்டுப் போனேன்?"

எலுமிச்சைச் சாற்றை அவள் சாதத்தில் பிழிந்தாள். என்னைப் பிழிந்தது போல இருந்தது.

"என் கார் போயிடுத்தே, குமுதா."

"ஏன் போகணும்? காரை நான் எப்போ வேண்டாம்னேன்? மரம் வேணும்னுதானே சொன்னேன்? மஹ்ஜபீனோட பிள்ளை ஹாலித் சென்னைக்குக் காரை எடுத்துண்டு போனதுலேர்ந்து பக்கத்தாத்து ஷெட் காலியாத்தானே கெடக்கு? தாராளமா நிறுத்திக்கோங்கோன்னு மஹ்ஜபீன் சொல்லியாச்சு. மொதல் பறிப்பு அவாளுக்குன்னு நானும் சொல்லியாச்சு. உங்க ரகுராமுக்கு போன் பண்ணுங்கோ."

கார் உண்டு. மரமும் உண்டு. தட்டில் எலுமிச்சம்பழ சாதமும் வந்தது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்திருக்கலாம். நான் கேட்டேன்.

"போகட்டும். ஏகாதசி விரதமாவது நிஜம்தானே? சொட்டுத் தீர்த்தம் இல்லாம நீயும்தானே இருந்தே?"

"நானா? நான் எப்பவும்போலப் பாலும் பழமும் சாப்ட்டேன். அதுக்குத்தானே உங்களை வாசலுக்கு அனுப்பினேன்?"

"அப்போ சுத்த உபவாசம் எனக்கு மட்டும் எதுக்கு?"

குமுதவல்லி இன்னொரு கரண்டி சாதத்தை என் தட்டில் வைத்தாள்.

"மரத்தை வாடப் போட நீங்க வேண்டியிருந்தது. திரும்பத் தண்ணி விட வைக்க, உங்களையும் ஒரு நாள் வாடப் போட வேண்டியிருந்தது."